திரையில் விரியும் ஹிஜ்ரி ஆண்டுகள்: காலக்கோடு வரைவோர் கவனத்திற்கு

ஹிஜ்ரி 447-ஆம் ஆண்டு வாக்கில் பக்தாதில் ஓர் ஆவணம் வெளிப்பட்டது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதித் தந்தது என்று அதைக் கொண்டுவந்தவர்கள் கூறினர். நபித்தோழர்கள் சிலரின் சாட்சியமும் அதில் பதிவாகியிருந்தது. அப்பாஸியக் கலீஃபா அல்காயிமின் அமைச்சர் இப்னுல் முஸ்லிமா, அதைப் பெரும் ஹதீஸ் அறிஞரான கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். கதீப் படித்துப் பார்த்துவிட்டு, இது போலி என்றார். காரணம் கேட்டபோது அவர் சொன்னவை இரண்டே செய்திகள். சாட்சிகளுள் ஒருவராகக் குறிக்கப்பட்ட முஆவியா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின் ஆண்டில். கைபரோ அதற்கு முன்பே, ஹிஜ்ரி 7-இல் வெற்றி கொள்ளப்பட்டது. மற்றொரு சாட்சியான ஸஅத் பின் முஆத் (ரலி), அகழ்ப்போரில் பட்ட காயத்தால் கைபருக்கு ஈராண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

கதீப் அவர்கள் மையையும் தாளையும் ஆராய்ந்து இம்முடிவுக்கு வரவில்லை. மூன்று நிகழ்வுகளை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தார், வரிசை பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் ‘டைம்லைன்’ எனப்படும் காலக்கோடு செய்யும் பணியும் இதுவே. அக்கோட்டை இன்று கணினித் திரையில், தொட்டு நகர்த்தவும் விரித்துப் பார்க்கவும் ஏற்றபடி அமைத்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகங்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. மதரஸா மாணவருக்கும் வரலாற்று ஆர்வலருக்கும் அவை பெரிதும் பயன்படக்கூடியவை. ஆனால் நம் வரலாற்றை அவற்றில் இடும்போது சில இடங்களில் வழுக்கல் உண்டு. அவ்விடங்களைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தபகாத்திலிருந்து திரைக்கு

காலத்தை ஒழுங்குபடுத்திப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இமாம் தபரீ (ரஹ்) தமது வரலாற்றில் ஹிஜ்ரத்துக்குப் பிந்தைய நிகழ்வுகளை ஆண்டு வாரியாக அடுக்கினார். ஹாஃபிழ் தஹபீ (ரஹ்) தமது ‘தாரீகுல் இஸ்லாம்’ நூலில் பத்தாண்டுகளை ஒரு தபகாவாக, அதாவது ஒரு படிநிலையாகக் கொண்டு, அக்காலத்தில் மறைந்தோரைத் தொகுத்தார். உதுமானியப் பேரறிஞர் காதிப் செலபி 1648-இல் முடித்த ‘தக்வீமுத் தவாரீக்’ நூலில் ஆதம் (அலை) தொடங்கித் தம் காலம் வரையிலான நிகழ்வுகளை அட்டவணைகளாகவே அமைத்தார்.

ஆண்டுகளை அளவுகோலாக்கி ஒவ்வொருவரின் வாழ்நாளையும் ஒரு கோடாக வரையும் முறையை ஐரோப்பாவில் பரவலாக்கியவர் ஜோசஃப் பிரீஸ்ட்லி. 1765-இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரைபடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் வாழ்நாட்கள் கோடுகளாக இருந்தன. பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாத இடத்தில் அவர் முழுக்கோட்டை நிறுத்திப் புள்ளிகளை இட்டார். கோடு என்பது உறுதி. புள்ளி என்பது ஐயம். கணினிக் காலக்கோடு வரைவோர் பலர் மறந்துவிட்ட இந்த நேர்மையைப் பின்னால் மீண்டும் காண்போம்.

எந்த நூலகம், எதற்கு?

நிரல் நூலகம் என்பது பிறர் முன்னரே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. அளவுகோல் வரைதல், சுட்டியால் இழுத்தால் நகர்தல், உருட்டினால் நூற்றாண்டு ஆண்டாகவும் ஆண்டு மாதமாகவும் விரிதல் ஆகியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். தரவு மட்டும் நம்முடையது.

2006-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ‘ஸிமிலி’ என்னும் ஆய்வுத்திட்டத்தின் பகுதியாக வெளிவந்த ‘டைம்லைன்’ இத்துறையின் முன்னோடி. மேலே ஒரு பட்டையில் மாதங்களும் கீழே ஒரு பட்டையில் ஆண்டுகளுமாக, ஒன்றை நகர்த்தினால் மற்றொன்றும் உடன் நகரும் அமைப்பை அது கொண்டுவந்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது தொடக்கம், முடிவு என்ற இரு தேதிகளை மட்டும் கேட்கவில்லை. ‘மிகவும் பிந்திய தொடக்கம்’, ‘மிகவும் முந்திய முடிவு’ என மேலும் இரண்டுக்கு இடம் தந்தது. அதாவது, தேதி திட்டமாகத் தெரியாத நிலையை அக்கருவியே எதிர்பார்த்திருந்தது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட் லேப் உருவாக்கிய ‘டைம்லைன்ஜேஎஸ்’ இன்னொரு வகை. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கூகுள் விரிதாளில் வரிசைக்கொரு நிகழ்வாகத் தேதி, தலைப்பு, விளக்கம், படத்தின் முகவரி ஆகியவற்றை நிரப்பினால் போதும்; பக்கம் பக்கமாகப் புரட்டும் கதையாக அது மாற்றித் தரும். ஒரு பள்ளிவாசலின் வரலாற்றையோ ஓர் அறிஞரின் வாழ்க்கையையோ சொல்ல இது பொருத்தமானது. பலரது வாழ்நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிட இது போதாது.

அவ்வொப்பீட்டுக்கு ஏற்றது ‘விஸ்-டைம்லைன்’. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்து அல்மெண்டே நிறுவனத்தில் தோன்றி, பின்னர் தன்னார்வ நிரலாளர்களின் பராமரிப்புக்கு வந்த நூலகம் இது. அபாச்சி, எம்ஐடி எனும் இரு தாராள உரிமங்களின்கீழ் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இனி வரும் விளக்கங்கள் இதனைக் கொண்டே அமைகின்றன.

நான்கு இமாம்களின் கோடுகள்

வேலை எளியது. ஓர் இணையப் பக்கத்தில் வெற்றுப் பெட்டி ஒன்றை ஒதுக்க வேண்டும். நூலகத்தின் நிரல் கோப்பையும் அழகமைப்புக் கோப்பையும் அப்பக்கத்துடன் இணைக்க வேண்டும். பின்னர் மூன்று தொகுப்புகளைத் தர வேண்டும்: உருப்படிகள், குழுக்கள், விருப்பங்கள். ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் அடையாள எண், திரையில் தோன்ற வேண்டிய சொற்கள், தொடக்கத் தேதி, தேவையானால் முடிவுத் தேதி, எந்தக் குழுவைச் சேர்ந்தது என்ற குறிப்பு ஆகியவை உண்டு. முடிவுத் தேதி இல்லாவிடில் அது ஒரு நிகழ்வாகவும், இருந்தால் நீண்ட பட்டையாகவும் வரையப்படும். ‘பின்னணி’ என்றொரு வகையும் உண்டு. அது மற்றவற்றுக்குப் பின்னே மெல்லிய வண்ணத் திரையாக நிற்கும். தஹபீயின் பத்தாண்டுத் தபகாக்களை அப்படியே பின்னணிப் பட்டைகளாக இட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக, மத்ஹபுகளின் நான்கு இமாம்களை எடுத்துக்கொள்வோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஹிஜ்ரி 80 முதல் 150 வரை. இமாம் மாலிக் (ரஹ்) 93 முதல் 179 வரை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) 150 முதல் 204 வரை. இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) 164 முதல் 241 வரை. நால்வருக்கும் நான்கு வரிகள். பட்டைகள் திரையில் விழுந்ததும் சில உண்மைகள் தாமாகவே தெரியும். ஷாஃபிஈயின் பட்டை மாலிக்கின் பட்டையோடு இருபத்தொன்பது ஆண்டுகள் இணைந்து செல்கிறது. அவர் மாலிக்கிடம் மாணவராக இருந்தது அக்காலத்திலேதான். அஹ்மதின் பட்டை ஷாஃபிஈயின் பட்டையோடு நாற்பது ஆண்டுகள் இணைகிறது. ஆனால் ஷாஃபிஈயின் பட்டையும் அபூஹனீஃபாவின் பட்டையும் முனையில் தொட்டுக்கொள்கின்றனவேயன்றி ஒன்றன்மீது ஒன்று படியவில்லை. அப்படியானால் ஹனஃபீ ஃபிக்ஹின் நுட்பங்கள் ஷாஃபிஈயை எவ்வழி எட்டின என்ற கேள்வி எழுகிறது. இமாம் முஹம்மத் பின் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களின் பட்டையை, ஹிஜ்ரி 132 முதல் 189 வரை, இடையில் சேர்த்தால் விடை கண்முன் நிற்கும். அபூஹனீஃபாவின் மாணவரான அவர், இராக்கில் ஷாஃபிஈயின் ஆசிரியர்களுள் ஒருவர். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளையும் பின்பற்றி வாழும் தமிழ் முஸ்லிம் ஊர்களின் மாணவர்களுக்கு, இவ்விரு வழிகளும் ஒரே வகுப்பறையில் சந்தித்தவை என்பதை உணர்த்த இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

ஹிஜ்ரியும் கிறித்தவ ஆண்டும்

இங்குதான் முதல் வழுக்கல். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தேதி கிரிகோரியன் நாட்காட்டியை அடிப்படையாகக் கொண்டது. ஹிஜ்ரி ஆண்டை அது நேரடியாக ஏற்காது. ஒருவர் கர்பலா நிகழ்வைக் குறிக்க ஆண்டு என்ற இடத்தில் 61 என்ற எண்ணை மட்டும் கொடுத்தால், கணினி பிழை சொல்லாது. 1961 என்று எடுத்துக்கொள்ளும். பூச்சியம் முதல் 99 வரையுள்ள ஆண்டு எண்களை இருபதாம் நூற்றாண்டாகக் கொள்வது அம்மொழியின் பழைய வழக்கம். நபித்தோழர்களின் காலம் பெரும்பாலும் இந்த எண்களுக்குள் அடங்குவதால், நமக்கு இது சிறிய பிழையன்று. மாதத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது இன்னொரு வழக்கம்: எண்ணாகக் கொடுக்கும்போது சனவரி 0, டிசம்பர் 11. இவ்விரண்டையும் தவிர்க்க, ஆண்டை நான்கு இலக்கமாக, ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசையில் எழுத்துச் சரமாகத் தருவதே பாதுகாப்பானது.

இரண்டாவது வழுக்கல் நுட்பமானது. ஹிஜ்ரி முதலாம் ஆண்டின் முஹர்ரம் முதல் நாள் கி.பி. 622 சூலை 16 என்று நூல்கள் கூறும். இது ஜூலியன் நாட்காட்டியின் தேதி. 1582-இல் நடைமுறைக்கு வந்த கிரிகோரியன் கணக்கைக் கணினி பின்னோக்கியும் நீட்டிப் பயன்படுத்துகிறது. அக்கணக்கில் அதே நாள் சூலை 19. கர்பலா நடந்த ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10, நூல்களில் கி.பி. 680 அக்டோபர் 10. கணினியின் கணக்கில் அக்டோபர் 13. நூற்றாண்டுக் கணக்கில் பார்ப்போருக்கு மூன்று நாள் பொருட்டன்று. ஆனால் நூலிலிருந்து எடுத்த தேதிகளையும் நிரல் மாற்றித் தந்த தேதிகளையும் ஒரே கோட்டில் கலந்தால், ஒரு போரின் தொடக்கமும் முடிவும் முன்பின்னாகிவிடக்கூடும். எனவே ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்து, இறுதி வரை அதையே கைக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எந்த ஹிஜ்ரி என்ற கேள்வி. இன்றைய உலாவிகள் ஒரு தேதியை ஹிஜ்ரியாகக் காட்டும் வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. அதில் ‘உம்முல் குரா’ என்பது சவூதி அரேபியாவின் அதிகாரபூர்வ நாட்காட்டி; அண்மை நூற்றாண்டுகளுக்கே அதன் அட்டவணை உண்டு. முற்கால வரலாற்றுக்கு ஏற்றது கணக்கு முறை நாட்காட்டி. அதில் முப்பது ஆண்டுச் சுழற்சியில் பத்தொன்பது ஆண்டுகள் 354 நாட்களாகவும் பதினோராண்டுகள் 355 நாட்களாகவும் வரும். ஆனால் மக்கள் மாதத்தைத் தொடங்கியது பிறை கண்டு; ஆகவே எந்தக் கணக்கும் ஓரிரு நாள் முன்பின்னாகலாம். நாள் மஃரிபில் தொடங்குவதால், ஒரு ஹிஜ்ரி நாள் இரு கிறித்தவ நாட்களில் கால் வைக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

நபிகளாரின் காலத்து நிகழ்வுகளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ஹிஜ்ரத்தை ஆண்டுக்கணக்கின் தொடக்கமாக வகுத்தது உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 16 அல்லது 17-இல். அதற்கு முன் அரபுகளிடம் ‘நஸீஉ’ என்னும், மாதங்களை முன்பின்னாக நகர்த்தும் வழக்கம் இருந்தது. ஹிஜ்ரி 10-இல், இறுதி ஹஜ்ஜின்போதுதான் அது முற்றாக நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய தேதிகளுக்கு நாம் காணும் கி.பி. மாற்றங்கள், அவ்வழக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல் பின்னோக்கிக் கணித்தவை. பத்ருப் போருக்குக் கூறப்படும் கி.பி. 624 மார்ச் 13-ம் இவ்வகையே.

அளவுகோலின் சொற்களை ஹிஜ்ரியாக மாற்ற விஸ்-டைம்லைன் இடம் தருகிறது. எனினும் சொல் மாறுமேயன்றிக் கோடு மாறாது; பிரிகோடுகள் சனவரி முதல் நாளிலேயே நிற்கும். அவற்றின்மீது ஹிஜ்ரி எண்ணை ஒட்டினால், முஹர்ரமும் சனவரியும் ஒன்று என்ற பொய்த்தோற்றம் எழும். முன்னே சொன்ன பின்னணிப் பட்டைகளே இதற்கு நல்ல தீர்வு. ஒவ்வொரு ஹிஜ்ரி ஆண்டையும் அல்லது பத்தாண்டையும் அதன் உண்மையான தொடக்க, முடிவுத் தேதிகளோடு ஒரு பட்டையாக இட்டால், இரு நாட்காட்டிகளும் தத்தம் இடத்தில் நின்று ஒப்பீட்டுக்கு வரும். முப்பத்திரண்டு சூரிய ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பத்து மூன்று ஹிஜ்ரி ஆண்டுகள் அடங்குவதை மாணவர் எண்ணியே பார்க்கலாம்.

ஐயத்தை வரைதல்

நம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் கிடைப்பது ஆண்டு மட்டுமே. கணினியோ நாளைக் கேட்கும். நாம் தராவிட்டால் தானே ஒன்றை இட்டுக்கொள்ளும். ‘767’ என்று மட்டும் எழுதினால், அதை 767 சனவரி 1 என்று கொள்ளும். இமாம் அபூஹனீஃபா மறைந்ததும் இமாம் ஷாஃபிஈ பிறந்ததும் ஹிஜ்ரி 150 என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். ஒருவர் மறைந்த அன்றே மற்றவர் பிறந்தார் என்றும் மக்களிடையே ஒரு செய்தி வழங்குகிறது. அதை நாம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஆண்டை மட்டும் கொடுத்து வரைந்த காலக்கோடு இரண்டையும் ஒரே நாளில் வைத்து அச்செய்திக்குச் சான்று சொல்லத் தொடங்கிவிடும். உண்மையில் நாம் அறிந்தது ஆண்டு மட்டுமே. ஹிஜ்ரி 150 என்பது கி.பி. 767 பிப்ரவரி முதல் 768 சனவரி வரை நீள்வது. அந்த ஓராண்டு முழுவதையும் ஒரு மங்கிய துண்டாக இடுவதே அறிந்ததை அறிந்தவாறு சொல்வதாகும்.

அறிஞர்களிடையே ஆண்டிலேயே கருத்து வேறுபாடு இருப்பின் இக்கவனம் இன்னும் தேவை. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் இறப்பு ஹிஜ்ரி 261 என்பது தெளிவு. பிறப்புக்கு 202, 204, 206 என மூன்று கூற்றுகள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டையும் விட்டுவிடுவது எளிது. படிப்பவர் அங்கே ஒரு கேள்வி இருந்ததையே அறியார். விஸ்-டைம்லைனில் ஸிமிலியைப் போல நான்கு தேதிகளுக்கான இடம் இல்லை. எனினும் ஒரே வரியில் இரு உருப்படிகளை இடலாம்: 202 முதல் 206 வரை மங்கிய வண்ணத்தில் ஒன்று, 206 முதல் 261 வரை அடர்ந்த வண்ணத்தில் மற்றொன்று. உருப்படிக்கு ஓர் அழகமைப்புப் பெயரைக் கொடுத்து, அப்பெயருக்குரிய வண்ணத்தை அழகமைப்புக் கோப்பில் ஒருமுறை வரையறுத்தால் போதும். சுட்டியை அருகே கொண்டு சென்றால் தோன்றும் குறிப்பில், யார் எந்த ஆண்டைக் கூறினார் என்பதை எழுதலாம். ஆகவே தரவு அட்டவணையைத் தயாரிக்கும்போதே, தேதிகளுக்கு அருகில் ‘ஆதாரம்’, ‘உறுதி நிலை’ என இரு கூடுதல் பத்திகளை ஒதுக்கிவிட வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டவை பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

கோடு சொல்லாதது

இரு பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று படிந்தால் இருவரும் சமகாலத்தவர். அதற்குமேல் அது எதையும் நிறுவாது. ஹதீஸ் கலையினர் இவ்வேறுபாட்டை மிகக் கூர்மையாக வகுத்துள்ளனர். ‘முஆஸரா’ என்பது ஒரே காலத்தில் வாழ்தல். ‘லிகா’ என்பது நேரில் சந்தித்தல். ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் கூறி அறிவிக்கும் நம்பகமானவர், இடையில் விட்டவரை மறைக்கும் வழக்கம் இல்லாதவராயின், சமகாலத்தவராய் இருந்து சந்திக்கவும் வாய்ப்பிருந்தாலே போதும் என்று இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் வாதிட்டார். ஒருமுறையேனும் சந்தித்தது உறுதியாக வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நிலையாகக் கூறப்படுகிறது.

இமாம் அபூஹனீஃபாவின் பட்டைக்கு மேலே நபித்தோழர் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் பட்டையை இட்டுப் பாருங்கள். அனஸ் (ரலி) மறைந்தது ஹிஜ்ரி 93 என்பது பலரது கூற்று. பதின்மூன்று ஆண்டுகள் படிகின்றன. அபூஹனீஃபா அவரைப் பார்த்திருக்கிறார் என்று தஹபீ போன்றோர் குறிப்பிடுகின்றனர். அவரிடமிருந்து நேரடியாக ஹதீஸ் கேட்டாரா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. பட்டை முதல் வாயிலை மட்டுமே திறக்கிறது. உள்ளே செல்ல ஊர், பயணம், ஆசிரியர் வரிசை ஆகிய பிற சான்றுகள் வேண்டும். குழுக்களை ஊர் வாரியாக மதீனா, கூஃபா, பஸ்ரா என்று பிரித்தால் ஓரளவு உதவும். ஆயினும் ஒருவர் ஓரூரிலேயே வாழ்நாள் முழுவதும் இருந்தார் என்று அது சொல்லிவிடும் அபாயமும் அதில் உண்டு.

ஆக, காலக்கோடு மறுக்க வல்லது, நிறுவ வல்லதன்று. பட்டைகள் படியாவிடில் சந்திப்பு நிகழவில்லை என்று உறுதியாகக் கூறலாம். படிந்தால், நிகழ்ந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இட்டுக்கட்டும் அறிவிப்பாளர்களை எதிர்கொள்ள ஆண்டுக்கணக்கையே கருவியாகக் கொண்டதாக ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்களைப் பற்றிக் கூறப்படுவதும் இந்த மறுக்கும் ஆற்றலைக் கருதியே.

மீண்டும் கைபர் ஆவணம்

இப்போது அந்த பக்தாத் ஆவணத்தைத் திரையில் இட்டுப் பார்ப்போம். மூன்று வரிகள் போதும். ஆனால் உள்ள கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் இடுவோம். அகழ்ப்போர் ஹிஜ்ரி 5 என்பது இப்னு இஸ்ஹாக்கின் கணக்கு. மூஸா பின் உக்பாவின் கணக்கில் 4. எனவே ஸஅத் (ரலி) அவர்களின் பட்டை முடியும் இடம் 4 முதல் 5 வரை மங்குகிறது. கைபர் பெரும்பாலோர் கூற்றில் 7-இன் தொடக்கம். 6 என்ற கூற்றும் உண்டு. எனவே அதுவும் ஒரு மங்கிய துண்டு. முஆவியா (ரலி) ஹிஜ்ரி 8-இல் இஸ்லாத்தை வெளிப்படுத்தினார். ஹுதைபிய்யாவுக்குப் பின்பே, அதாவது 6 அல்லது 7-இலேயே தழுவி, அதை மறைத்து வைத்திருந்தார் என்ற அறிவிப்பும் உள்ளது. அவருடைய வரியும் 6 முதல் 8 வரை மங்குகிறது.

இப்படி நேர்மையாக வரைந்ததும் ஒன்று புலப்படுகிறது. முஆவியாவின் மங்கிய பகுதி கைபரின் மீது படிகிறது. அவரை மட்டும் கொண்டு ஆவணத்தை மறுப்பதாயின் எதிர்வாதத்துக்கு இடமுண்டு. ஸஅத் அவர்களின் பட்டையோ, எந்தக் கூற்றை எடுத்தாலும் கைபரைத் தொடவே இல்லை. இடைவெளி சுருங்குகிறது, மூடவில்லை. கதீபின் வாதத்தில் எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை, ஐயங்களையும் சேர்த்து வரைந்த கோடுதான் நமக்குக் காட்டியது. பின்வந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர், ஜிஸ்யா பற்றிய இறைவசனமே கைபருக்குப் பின்னர்தான் அருளப்பட்டது என்பது உள்ளிட்ட வேறு காரணங்களையும் சேர்த்தனர். ஜிஸ்யா வசனத்தை ஹிஜ்ரி 9-இல் நான்காம் வரியாக இட்டால், அதுவும் ஆவணத்துக்கு எதிராகவே நிற்கும்.

உறுதியற்ற தேதிகளை உறுதியானவை போல் வரைந்திருந்தால் கிடைத்திருக்கும் முடிவும் இதுவேதான். ஆனால் அதை ஒருவர் கேள்வி கேட்டபோது நம்மிடம் விடை இருந்திராது. நம் முன்னோர் இரு கூற்றுகளை எழுதியபின் ‘வல்லாஹு அஃலம்’ என்று முடிப்பது வழக்கம். அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்ற அச்சொற்களுக்குத் தரவு அட்டவணையில் ஒரு பத்தியும், திரையில் ஒரு மங்கிய வண்ணமும் ஒதுக்குவது காலக்கோடு வரைய அமரும் இளைஞர் செய்ய வேண்டிய முதல் வேலை. மற்றவற்றை நூலகமே செய்துவிடும்.